மேகம் இறங்கும் ஓடுபாதை

டெனெரீஃபே தீவின் வடக்கு விமான நிலையம் கடல் மட்டத்துக்கு 633 மீட்டர் மேலே, இரண்டு மலைத்தொகுதிகளுக்கு இடைப்பட்ட தாழ்வில் இருக்கிறது. லோஸ் ரோடேயோஸ் என்பது அதன் பழைய பெயர். தீவுக்காரர்கள் இன்றும் அப்படியே சொல்கிறார்கள். ஓடுபாதைப் பாதுகாப்பில் உலகெங்கும் இன்று கைக்கொள்ளப்படும் நடைமுறைகளில் கணிசமானவை, இங்கே 1977 மார்ச் 27 அன்று நடந்த மோதலுக்குப் பிறகு உருவானவை அல்லது இறுக்கப்பட்டவை. அன்று இரண்டு போயிங் 747 விமானங்கள் தரையிலேயே மோதிக்கொண்டன. 583 பேர் இறந்தார்கள். விமான விபத்துகளில் இத்தனை உயிர்கள் ஒரே சமயத்தில் போனது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

ஸ்பெயினுக்குச் சொந்தமான கேனரி தீவுகள், ஆப்பிரிக்காவின் வடமேற்குக் கரைக்கு அப்பால் அட்லாண்டிக்கில் கிடக்கின்றன. அவற்றுள் பெரியது டெனெரீஃபே. தலைநகரான சாந்தா குரூஸ் துறைமுகத்திலிருந்து மேலே போக இரண்டு வழி உண்டு. ஒன்று, ‘வாவா’ என்று தீவில் அழைக்கப்படும் பேருந்து. மற்றது, 2007 முதல் ஓடும் டிராம். அவசரமில்லாதவர்களுக்கு டிராமே மேல். குடியிருப்புகள், மருத்துவமனை, பல்கலைக்கழகம் என்று நின்று நின்று ஏறி, லா லகூனா நகரத்தில் கொண்டுபோய் விடுகிறது. கடற்கரையில் வெயிலுக்காகச் சட்டைக் கையை மடித்துவிட்டு ஏறியவர்கள் இங்கே இறங்கியதும் மேல்சட்டை தேடுவார்கள். தீவின் பழைய தலைநகரான லா லகூனாவின் நேர்கோட்டுத் தெருக்களை யுனெஸ்கோ 1999இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. விமான நிலையம் அங்கிருந்து சில நிமிடத் தொலைவுதான்.

உடல் உணரும் இந்தக் குளிர்தான் விமானிகளுக்கும் தொல்லை. வடகிழக்கிலிருந்து வரும் ஈரமான வியாபாரக் காற்று தீவின் வடசரிவில் முட்டி மேலேறிக் குளிர்ந்து மேகமாகிறது. அதற்கும் மேலே வறண்ட வெப்பக்காற்று ஓர் அடுக்காக நிற்பதால் மேகம் இன்னும் உயரே போக முடியாமல் மலையிடுக்குகள் வழியே பக்கவாட்டில் வழிகிறது. 3,715 மீட்டர் உயரத் தேய்தே எரிமலையின் மேல்நிலையில் நிற்பவர்களுக்கு அது கீழே விரிந்த வெண்கடல். சுற்றுலா அஞ்சலட்டைகளில் தவறாமல் இடம்பெறும் காட்சி. லோஸ் ரோடேயோஸ் அந்த மேகம் வழியும் தாழ்விலேயே இருக்கிறது. எனவே இங்கே பனிமூட்டம் என்று சொல்லப்படுவது உண்மையில் நகரும் மேகம். சமவெளிப் பனிமூட்டம் மெல்லச் சூழும், மெல்லக் கலையும். இது அப்படியில்லை. பல கிலோமீட்டர் தெரிந்த இடத்தில் சில நிமிடங்களில் சில நூறு மீட்டர்கூடத் தெரியாமல் போகலாம். ஓடுபாதையின் ஒரு முனை வெயிலிலும் மறுமுனை மேகத்திலும் இருக்கலாம். விமானங்கள் சிறியவையாக இருந்த காலத்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட இடம் இது. 1972 டிசம்பரில் இங்கிருந்து மேலெழுந்த ஒரு விமானம் விழுந்து 155 பேர் இறந்தார்கள். 1980 ஏப்ரலில் இறங்க வந்த ஒன்று அருகிலுள்ள மலையில் மோதி 146 பேர் இறந்தார்கள். நடுவில் நிகழ்ந்தது 1977இன் பேரழிவு.

ஓடுபாதை ஒன்றேதான், பெயர்கள் மட்டும் இரண்டு. ஒரு முனையிலிருந்து புறப்பட்டால் 12, எதிர்முனையிலிருந்து புறப்பட்டால் 30. திசைகாட்டியின் பாகைகளைப் பத்தால் வகுத்துப் பெயரிடும் இந்த முறை உலகெங்கும் ஒன்று. சென்னை மீனம்பாக்கத்தின் இரண்டாவது ஓடுபாதைக்கும் இதே 12/30தான் பெயர். பயணிகள் கட்டடத்தின் பக்கமாக, ஓடுபாதைக்கு இணையாக ஒரு டாக்சிவே ஓடுகிறது. விமானங்கள் தரையில் உருண்டு செல்வதற்கான பாதை அது. 1977இல் அதையும் ஓடுபாதையையும் சிறு குறுக்குப் பாதைகள் இணைத்தன. டாக்சிவே திறந்திருந்தால் புறப்படும் விமானம் ஓடுபாதையைத் தொடாமலே அதன் முனைவரை போய்விடும். அடைபட்டிருந்தால் வேறு வழியில்லை. ஓடுபாதை மீதே எதிர்த்திசையில் உருண்டு சென்று, முனையில் முழுதாகத் திரும்பி நின்று, வந்த வழியே பாய்ந்து மேலெழ வேண்டும். ‘பேக்டிராக்’ என்பார்கள். தடை செய்யப்பட்ட முறையல்ல. சிறிய நிலையங்களில் அன்றாடம் நடப்பது. ஆனால் அந்த நேரம் முழுவதும் ஓடுபாதையில் ஒரு விமானம் நிற்கிறது என்பதை எல்லோரும் மறவாதிருக்க வேண்டும்.

அந்த நினைவைக் காப்பதே கட்டுப்பாட்டுக் கோபுரத்தின் முதல் வேலை. வானத்தில் விமானங்களை உயரத்தாலும் தொலைவாலும் பிரித்து வைக்கலாம். ஓடுபாதையில் அதற்கு இடமில்லை. ஒன்று முழுதாக நீங்கிய பிறகே மற்றொன்று. பெரிய நிலையங்களில் டாக்சிவேக்களை ஒரு கட்டுப்பாட்டாளரும் ஓடுபாதையை வேறொருவரும் பார்த்துக்கொள்வார்கள். இறங்க அணுகும் விமானங்கள் இன்னொருவர் பொறுப்பு. ஒவ்வொருவருக்கும் தனி வானொலி அலைவரிசை. கண்ணாடிச் சுவருக்கு வெளியே கண்ணால் பார்ப்பதுதான் இவர்களுடைய மூலக் கருவி. கோபுரம் உயரமாகக் கட்டப்படுவதே அதற்காகத்தான். மேகம் மூடிவிட்டால் மிஞ்சுவது காதும் வாயும். 1977இல் லோஸ் ரோடேயோஸில் தரை ரேடார் கிடையாது. ஓடுபாதையின் நடுக்கோட்டு விளக்குகள் வேலை செய்யவில்லை. அன்று ஞாயிற்றுக்கிழமை, பணியில் இருந்த கட்டுப்பாட்டாளர்கள் இருவர்.

அந்த இரண்டு விமானங்களும் இங்கே வந்திருக்கவே வேண்டியதில்லை. இரண்டுமே பக்கத்துத் தீவான கிரான் கனாரியாவின் லாஸ் பால்மாஸுக்குப் போக வேண்டியவை. அன்று மதியம் அந்த நிலையத்தின் பூக்கடையில், கேனரி தீவுகளின் விடுதலை கோரிய இயக்கம் ஒன்று வைத்த குண்டு வெடித்தது. இன்னொன்று இருப்பதாக மிரட்டலும் வந்ததால் நிலையம் மூடப்பட்டு, வந்துகொண்டிருந்த விமானங்கள் லோஸ் ரோடேயோஸுக்குத் திருப்பிவிடப்பட்டன. சிறிய நிலையத்தில் இடம் நிரம்பி, நிற்க வேறிடமில்லாத விமானங்கள் டாக்சிவேயை அடைத்து நின்றன. ஆம்ஸ்டர்டாமிலிருந்து வந்த டச்சு விமானமான கே.எல்.எம். 4805இல் 248 பேர். லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து நியூயார்க் வழியாக வந்த அமெரிக்க விமானமான பான் ஆம் 1736இல் 396 பேர். பான் ஆம் விமானத்துக்குத் தனி வரலாறு உண்டு: 1970 ஜனவரியில் பயணிகளோடு நியூயார்க்கிலிருந்து லண்டனுக்குப் பறந்த முதல் 747 அதுதான்.

பின்னர் லாஸ் பால்மாஸ் மீண்டும் திறந்தது. பான் ஆம் உடனே கிளம்பியிருக்கலாம். ஆனால் முன்னால் நின்ற கே.எல்.எம். விமானம் அப்போது எரிபொருள் நிரப்பிக்கொண்டிருந்தது. லாஸ் பால்மாஸ் அரை மணி நேரப் பயணம்கூட இல்லை; ஆம்ஸ்டர்டாம் திரும்பும் வழிக்கும் சேர்த்து 55,500 லிட்டர் இங்கேயே ஏற்றப்பட்டது. பான் ஆம் விமானிகள் இறங்கி அளந்து பார்த்தார்கள். சுற்றிப் போகச் சுமார் நான்கு மீட்டர் போதவில்லை. காத்திருந்தார்கள். அந்த இடைவெளியில் மேகம் இறங்கியது.

கே.எல்.எம். தலைமை விமானி யாக்கோப் ஃபெல்த்ஹைசன் ஃபான் ஸான்டன், அந்நிறுவனத்தின் 747 பயிற்சித் துறைத் தலைவர். நிறுவன விளம்பரத்தில் இடம்பெற்ற முகம் அவருடையது. பல ஆண்டுகளாகப் பயிற்சிக்கூடத்தின் சிமுலேட்டர் பொறியில் மற்றவர்களுக்குக் கற்பித்து வந்தவர். அந்தப் பொறியில் கோபுரம் இல்லை. புறப்பட அனுமதி தருபவரும் பயிற்றுநரே. இதை விசாரணை அறிக்கை கவனித்துக் குறித்திருக்கிறது. பணி நேர வரம்பு நெருங்கிக்கொண்டிருந்ததும் அவரை நெருக்கியது. அப்போதைய டச்சு விதிகளின்படி வரம்பைத் தாண்டினால் விமானி மீது சட்ட நடவடிக்கையே வரலாம். இரவு தங்க நேர்ந்தால் இருநூறுக்கும் மேற்பட்ட பயணிகளுக்கு அறை தேட வேண்டும்.

கே.எல்.எம். முதலில் ஓடுபாதையில் உருண்டு முனைக்குப் போய்த் திரும்பி நின்றது. பின்னால் பான் ஆமும் அதே ஓடுபாதையில் வந்தது. இடப்புறம் மூன்றாவது பாதையில் விலகும்படி அதற்குச் சொல்லப்பட்டிருந்தது. பாதைகளில் பெயர்ப்பலகை இல்லை. மூன்றாவது பாதையோ பின்பக்கமாகச் சாய்ந்தது. அதில் நுழைய 148 பாகை திரும்ப வேண்டும், உள்ளே போய் மீண்டும் அவ்வளவே திரும்ப வேண்டும். எழுபது மீட்டர் நீள விமானத்துக்கு நடைமுறையில் அது ஆகாத காரியம் என்று அமெரிக்க விமானிகள் சங்கத்தின் ஆய்வு பின்னர் சொன்னது. நான்காவது பாதையின் வளைவு எளிது. மூட்டத்துக்குள் பான் ஆம் மூன்றாவதைக் கடந்து நான்காவதை நோக்கி நகர்ந்தது.

இனி நடந்ததெல்லாம் ஒரு நிமிடத்துக்குள் அடங்கும். கே.எல்.எம். தலைமை விமானி விசையைக் கூட்டத் தொடங்க, துணை விமானி இன்னும் அனுமதி வரவில்லை என்று தடுத்தார். அனுமதி கேட்கப்பட்டது. கோபுரம் தந்தது வழித்தட அனுமதி மட்டுமே: மேலெழுந்த பின் எந்த உயரம், எந்தத் திருப்பம் என்று. அதற்கும் ஓடுபாதையை விட்டு எழுவதற்கான அனுமதிக்கும் தொடர்பில்லை. ஆனால் அதற்குள்ளும் ‘டேக்-ஆஃப்’ என்ற சொல் இருந்தது. துணை விமானி அதைத் திருப்பிச் சொல்லும்போதே தலைமை விமானி பிரேக்கை விடுவித்துவிட்டார். இரண்டாவது முறை அவரைத் தடுக்கத் துணை விமானிக்கு நா எழவில்லை போலும். திருப்பிச் சொன்னதன் முடிவில், தாங்கள் இப்போது டேக்-ஆஃபில் இருப்பதாக மட்டும் சேர்த்துக்கொண்டார். புறப்படும் நிலையில் நிற்கிறார்கள் என்று கட்டுப்பாட்டாளர் எடுத்துக்கொண்டார். அவர் ஓ.கே. என்றார். ஒரு கணம் கழித்து, காத்திருங்கள், அழைக்கிறேன் என்றார். அதே நொடியில் பான் ஆம் விமானிகளும், நாங்கள் இன்னும் ஓடுபாதையில்தான் இருக்கிறோம் என்று பதறிச் சொன்னார்கள்.

இரண்டு எச்சரிக்கைகளும் கே.எல்.எம். காதில் சரியாக விழவில்லை. விமான வானொலியில் ஒரு சமயத்தில் ஒருவர்தான் பேச முடியும். பொத்தானை அழுத்தியிருப்பவருக்கு எதுவும் கேட்காது. இருவர் ஒரே அலைவரிசையில் ஒன்றாக அழுத்தினால் இரண்டு அலைகளும் கலந்து கீச்சென்ற ஒலியாகின்றன. அந்தக் கீச்சொலி நான்கு விநாடி நீடித்தது. ‘ஓ.கே.’ மட்டும் தெளிவாகக் கேட்டிருந்தது. தனித்தனியே ஒலித்திருந்தால் இரண்டில் எந்த ஒன்றும் போதுமானதாக இருந்திருக்கும்.

இன்னொரு வாய்ப்பும் இருந்தது. அடுத்த பரிமாற்றத்தில், ஓடுபாதையை விட்டு நீங்கியதும் தெரிவிக்குமாறு கோபுரம் பான் ஆமிடம் சொன்னது. தெரிவிக்கிறோம் என்றது பான் ஆம். இது கே.எல்.எம். விமானி அறையில் தெளிவாகக் கேட்டது. மூன்றாமவரான விமானப் பொறியாளர், அப்படியானால் பான் ஆம் இன்னும் நீங்கவில்லையா என்று கேட்டார். நீங்கிவிட்டது என்று தலைமை விமானி அழுத்தமாகச் சொன்னார். பொறியாளர் மேற்கொண்டு பேசவில்லை. சில விநாடிகளில் மூட்டத்துக்குள்ளிருந்து பான் ஆமின் உருவம் வெளிப்பட்டது. பான் ஆம் தலைமை விமானி விக்டர் கிரப்ஸ் விமானத்தை இடப்பக்கம் ஒடித்தார். கே.எல்.எம். வால்பகுதி தரையில் உராயும்படி மூக்கை உயர்த்தியது. முன்சக்கரம் தாண்டிவிட்டது, எஞ்சின்களும் பின்சக்கரங்களும் தாண்டவில்லை. கே.எல்.எம். விமானத்தில் யாரும் பிழைக்கவில்லை. பான் ஆமில் 61 பேர் பிழைத்தார்கள். எரிவது இரண்டு விமானங்கள் என்பதே மூட்டத்தில் தீயணைப்பு வீரர்களுக்கு முதலில் தெரியவில்லை.

லா லகூனாவுக்கு மேலே மெசா மோட்டா என்ற குன்றில் 2007 மார்ச் 27 அன்று, முப்பதாண்டு நிறைவில், நினைவுச் சின்னம் திறக்கப்பட்டது. டச்சுச் சிற்பி ரூடி ஃபான் டி விண்ட் வடித்த 18 மீட்டர் உயரச் சுழற்படி அது. மேலே எங்கும் சேராமல் சட்டென்று முடிகிறது. விபத்துக்குக் காரணம் யார் என்ற வழக்கு அவ்வளவு சட்டென்று முடியவில்லை. அனுமதியின்றிப் புறப்பட்டதே அடிப்படைக் காரணம் என்றது ஸ்பானிய அறிக்கை. டச்சுத் தரப்பு, இருபக்கத் தவறான புரிதலையும் வானொலிக் குழப்பத்தையும் முன்னிறுத்தியது. இழப்பீட்டுப் பொறுப்பை இறுதியில் கே.எல்.எம். ஏற்றது. இரண்டு அறிக்கைகளையும் பக்கத்தில் வைத்துப் படித்தால், குற்றவாளியைத் தேடிய பக்கங்களைவிட நடைமுறையைப் பிரித்துப் பார்த்த பக்கங்களே பயன்பட்டன என்பது விளங்கும்.

அந்தப் பக்கங்களிலிருந்து வந்த முதல் மாற்றம் பேச்சில். ‘டேக்-ஆஃப்’ என்ற சொல்லைக் கோபுரம் இப்போது இரண்டே தருணங்களில் பயன்படுத்துகிறது: புறப்பட அனுமதி தரும்போது, அல்லது தந்த அனுமதியைத் திரும்பப் பெறும்போது. மற்ற எல்லாவற்றுக்கும் ‘டிபார்ச்சர்’. ஓடுபாதையில் நுழைவது, கடப்பது, வெளியே நிற்பது பற்றிய எந்த உத்தரவையும் விமானி அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். ஓ.கே., ரோஜர் என்று பதில் சொல்லி நகர்ந்துவிட முடியாது. திருப்பிச் சொன்னதைச் செவிமடுத்துத் தவறைத் திருத்துவது கட்டுப்பாட்டாளரின் கடமை. கேட்பதற்கு அலுப்பான உரையாடல்தான். அந்த அலுப்பு வேண்டுமென்றே வைத்தது.

இரண்டாவது மாற்றம் விமானி அறையின் படிநிலையில். கேள்வி எழுப்பிய பொறியாளர் ஏன் அடங்கிப்போனார் என்பதை விமான உலகம் தள்ளிவிட முடியவில்லை. 1979இல் நாசா கூட்டிய பயிலரங்கிலிருந்து, குழுவாக முடிவெடுக்கும் பயிற்சி வளர்ந்தது, சி.ஆர்.எம். என்று விமானிகள் சுருக்கிச் சொல்வது அதைத்தான். 1981இல் அமெரிக்காவின் யுனைட்டெட் ஏர்லைன்ஸ் முதலில் அதைப் பாடமாக்கியது. மூத்தவர் சொல்வதை இளையவர் மறுக்கலாம், மறுக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பது எந்த நாட்டிலும் சுலபமாக இருந்ததில்லை.

தீவின் தென்கோடியில் இன்னொரு விமான நிலையம் முன்பே திட்டமிடப்பட்டிருந்தது. 1978 நவம்பரில் திறந்தது. கடலோரச் சமவெளியில், மேகத்துக்குக் கீழே இருப்பதால் வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணிகளில் பெரும்பாலோர் அங்கேயே இறங்குகிறார்கள். லோஸ் ரோடேயோஸுக்குப் பெரும்பாலும் தீவுகளுக்கிடையிலும் ஸ்பெயினின் பெருநிலத்துக்கும் போகும் விமானங்கள். வடக்கு மூடினால் அவை தெற்கே இறங்க, பயணிகள் நெடுஞ்சாலையில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் வாவாவில் திரும்பி வருவார்கள். தெற்குக்கும் தனித் தொல்லை உண்டு: சஹாராப் புழுதி. 2020 பிப்ரவரியில் அது தீவுகளின் விமான நிலையங்களையே மூட வைத்தது.

எந்த விமான நிலையத்திலும் சன்னலோர இருக்கையிலிருந்து ஓடுபாதையின் காவலைப் பார்க்கலாம். டாக்சிவே ஓரத்தில் நீல விளக்கு, நடுவில் பச்சை. ஓடுபாதைக்குச் சற்று முன்னால் தரையில் குறுக்கே நான்கு மஞ்சள் கோடுகள்: இரண்டு முழுக்கோடு, இரண்டு விட்டு விட்டு வரைந்தவை. முழுக்கோடு இருக்கும் பக்கத்திலிருந்து வருபவர் அனுமதியின்றி அதைத் தாண்டக்கூடாது. ஓடுபாதையிலிருந்து வெளியேறுபவர் நிற்காமல் தாண்டலாம். பக்கத்தில் சிவப்புப் பலகையில் வெள்ளை எழுத்தில் ஓடுபாதையின் பெயர். பெரிய நிலையங்களில் அந்த இடத்தில் தரையிலேயே பதித்த சிவப்பு விளக்கு வரிசையும் இருக்கும். ‘ஸ்டாப் பார்’ என்று பெயர். கட்டுப்பாட்டாளர் அணைத்தால்தான் தாண்டலாம். கண்ணுக்குத் தெரியாததைத் திரையில் காட்டுவது தரை ரேடார்.

இவையெல்லாம் இருந்தும் இயங்காவிட்டால் என்ன ஆகும் என்பதை மிலானின் லினாட்டே காட்டியது. 2001 அக்டோபர் 8 காலை, பனிமூட்டத்தில் ஒரு சிறு ஜெட் தவறான டாக்சிவேயில் திரும்பி ஓடுபாதைக்குள் நுழைய, மேலெழுந்துகொண்டிருந்த எஸ்.ஏ.எஸ். நிறுவனப் பயணிகள் விமானம் அதில் மோதியது. 118 பேர் இறந்தார்கள். பழைய தரை ரேடார் கழற்றப்பட்டிருந்தது. புதியது இயங்கத் தொடங்கவில்லை. தரைக்குறிகளும் பலகைகளும் தரத்துக்குக் குறைவாக இருந்தன. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு அதன்பின், விமானமோ வாகனமோ மனிதரோ ஓடுபாதையில் இருக்கக்கூடாத நேரத்தில் இருக்கும் எந்த நிகழ்வையும், மோதல் நடக்காவிட்டாலும், ஒரே வரையறைக்குள் கொண்டுவந்து தீவிரத்தின் அளவு வாரியாகப் பதிவு செய்யச் சொன்னது.

டோக்கியோவின் ஹனேடாவில் பனிமூட்டமும் இல்லை. 2024 ஜனவரி 2 மாலை, நோட்டோ நிலநடுக்கத்துக்கு நிவாரணப் பொருள் கொண்டுசெல்லவிருந்த கடலோரக் காவல் விமானம், தரையிறங்கிய ஜப்பான் ஏர்லைன்ஸ் ஏ350 விமானத்தின் முன்னால் ஓடுபாதையில் நின்றது; ஏ350 அதில் மோதியது. காவல் விமானத்தில் ஆறு பேரில் ஐவர் இறந்தனர். எரியும் ஏ350இலிருந்து 379 பேரும் உயிரோடு வெளியேறினார்கள். ஓடுபாதைக்கு வெளியே காத்திருக்கும்படிதான் உத்தரவு. அத்துடன் வரிசையில் ‘நம்பர் ஒன்’ என்றும் சொல்லப்பட்டிருந்தது; நுழைய அனுமதி கிடைத்துவிட்டதாகக் காவல் விமானத்தின் தலைமை விமானி எடுத்துக்கொண்டார். அது சுமார் 40 விநாடி ஓடுபாதையில் நின்றது. கோபுரத்தின் திரை நிறம் மாறி எச்சரித்தது, யாரும் கவனிக்கவில்லை. அந்த நுழைவிடத்தின் ஸ்டாப் பார் அப்போது இயங்கவில்லை. இயங்கியிருந்தாலும் தெளிந்த வானிலையில் அதைப் பயன்படுத்தும் வழக்கம் அன்று அங்கே இருக்கவில்லை.

சில நாட்களிலேயே ஜப்பானிய அரசு அந்தத் திரையை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க ஒரு பணியாளரை அமர்த்தியது. வரிசை எண் சொல்வது நிறுத்தப்பட்டு, சில மாதங்களுக்குப் பிறகு மீண்டும் அனுமதிக்கப்பட்டது. அவ்வாண்டு ஜூனில் வெளியான நிபுணர் குழு அறிக்கையின் பரிந்துரைகளில் இவையும் இருந்தன: திரையின் எச்சரிக்கையுடன் ஒலியும் எழ வேண்டும், கட்டுப்பாட்டாளரின் கையை எதிர்பாராமல் ரேடார் தகவலைக் கொண்டு தானாகவே சிவப்பாக எரியும் விளக்குகள் ஓடுபாதையில் பதிக்கப்பட வேண்டும், சி.ஆர்.எம். பயிற்சி பயணிகள் விமானங்களுக்கு வெளியே உள்ள விமானிகளுக்கும் விரிய வேண்டும்.